84,000 ரூபாய்க் காப்பி

2015-ஆம் ஆண்டு ஆடி மாதம், காரைக்குடியில் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறினேன். சென்னையில் ஒரு பலகாரக் கடைக்காரர் எனக்கு 84,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். ஏழு மாதமாக மனகோலமும் சீப்புச் சீடையும் இங்கிருந்து பார்சல் போய்க்கொண்டே இருந்தன, பணம் மட்டும் வரவில்லை. போனில் கேட்டால் "அடுத்த வாரம் ஆச்சி" என்பார். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டேன். ரயில் திருச்சியைத் தாண்டுவதற்குள் நான்கு விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனால், அவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஏசி அறை. டபரா செட்டில் நல்ல டிகிரி காப்பி. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கோட்டையூரில் மழை உண்டா, எல்லாம் விசாரித்தார். "உங்க சரக்குக்குன்னே ஆள் தேடி வருது ஆச்சி" என்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த ஒரு கிலோ அதிரசத்தை அவர் வீட்டுக்கென்று கொடுத்தேன். தீபாவளிக்குப் போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு ஆர்டர் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பாக்கியைக் கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று வீட்டில் சொன்னேன், அது பொய். அந்த அறையில் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் வேறு ஏதோ வந்தது. ஒருமுறை "காப்பி ரொம்ப நல்லாருக்கு" என்று வந்தது.

அப்போது நான் ஊரில் ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கித்தான் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 84,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 1,680 ரூபாய். அவர் கொடுத்த காப்பிக்கு மாதாமாதம் நான் கட்டிய விலை அது. பொங்கலுக்குள் பாக்கி 2,10,000 ஆனது. மாசியில் அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். அலைந்து திரிந்து 60,000 வாங்கினேன். மீதி ஒன்றரை லட்சம் போனது போனதுதான். என் சங்கிலி இரண்டு வருடம் அடகில் இருந்தது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வருடம் இங்கே ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டதுதான். 'வெற்றிகரமான தொழில்முனைவோரின் குணங்கள்' என்று தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் திரையில் ஒரு பட்டியல் போட்டார். துணிச்சல், தலைமைப் பண்பு, விடாமுயற்சி, பெரிய கனவு, புதுமை. எல்லாம் நல்ல குணங்கள்தான், யார் வேண்டாம் என்றார்கள்? அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, ஏசி அறையில் காப்பி டபராவோடு உட்கார்ந்திருந்த நாளில் இவை எல்லாமே என்னிடம் இருந்தன என்பது ஞாபகம் வந்தது. துணிச்சல் இல்லாமலா கடன் வாங்கிச் சரக்கு அனுப்பினேன்? கனவு இல்லாமலா?

நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "நீங்க நகரத்தார் வீட்டுப் பொண்ணு ஆச்சி. உங்களுக்கெல்லாம் தொழில் ரத்தத்துலயே இருக்கு. எங்களுக்கு எப்படி வரும்?" அரங்கம் கைதட்டியது. நான் சிரித்துவிட்டேன். என் ரத்தத்தில் இருந்ததெல்லாம் ரத்தசோகை ஒன்றுதான் என்று அங்கே சொல்லவில்லை. அவனுக்குச் சரியான பதிலும் அன்று சொல்லவில்லை. இது அந்த பதில்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1926-இல் பதினான்கு வயதில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். முதலாளியாக இல்லை. பெட்டியடிப் பையனாக. பணப்பெட்டி இருக்கிற இடம் பெட்டியடி. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் எடுத்து வைத்து, எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில் இரவு எல்லோரும் படுத்த பிறகு பாய் விரிப்பான், காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுவான். சில வருடங்களில் அடுத்தாள் ஆகலாம், அடுத்தாளாக இருந்து மேலாள் ஆகலாம், காசு சேர்த்துப் பிறகு சொந்தக் கடை போடலாம். எல்லோரும் அந்தக் கடைசிப் படிக்குப் போனதில்லை. எங்கள் ஐயா அடுத்தாளோடு நின்றுவிட்டார்.

இதைத்தான் எங்கள் பக்கத்தில் 'கொண்டுவிக்கப் போனது' என்பார்கள். 1852 போரில் கீழ் பர்மா ஆங்கிலேயரிடம் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் அரிசிக்கு உலகம் முழுக்கச் சந்தை வந்தது. காட்டைத் திருத்தி நெல் போட பர்மியக் குடியானவனுக்குப் பணம் வேண்டும், ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கொடுக்க மாட்டா. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் போய் உட்கார்ந்தன. 1929-30-இல் பர்மாவில் அமைத்த வங்கி விசாரணைக் குழு இவர்கள் போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி.

அந்தப் பணத்தை மேய்த்தவர்கள் பெரும்பாலும் ஏஜெண்டுகள். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ஏஜெண்டு மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு, கணக்கை முடித்துக் கொடுத்து ஊர் திரும்புவார். பிறகு அடுத்த முறை. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை முதலாளி எப்படி நம்பினார்? பங்காளி, தாயபிள்ளை, கோயில் என்று சொந்தத்துக்குள் ஒரு பிடி இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பிடி கணக்கு. சிட்டை, குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி எழுதினார்கள். மேலாள் காய்ச்சலில் விழுந்தாலும் அடுத்தாள் நோட்டைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தப் பையன் கேட்ட 'ரத்தம்' இதுதான். பத்துப் பதினான்கு வயதில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வருடக்கணக்காகப் பழக்கியது. பிறப்பில் வந்திருந்தால் எங்கள் ஐயா எதற்கு ஆறு வருடம் தண்ணீர் சுமந்தார்?

ஐயாவை நான் பார்த்ததில்லை. 1942-இல் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, மணிப்பூர் வழியாக நடந்து, பாதி ஆளாக வந்து சேர்ந்தார் என்று கேள்விதான். அவர் கற்ற வித்தையை நான் பார்த்தது அப்பத்தாவிடம்.

பள்ளத்தூர் வீட்டில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் உண்டு. பெரிய வீடு, சிறிய வருமானம். கோடை விடுமுறையில் நாங்கள் போய் நின்றால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து அப்பத்தா வளவில் சாய்வான மேல்மூடி வைத்த கணக்குப் பெட்டிக்கு முன்னால் உட்காருவாள். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'சிவமயம்'. அப்புறம் அன்றைய வரவு, அன்றைய செலவு. கீரை 40 காசு. தயிர்க்காரிக்கு முன்பணம் 2 ரூபாய். கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருப்பை எண்ணுவாள். ஒருநாள் முக்கால் ரூபாய் உதைத்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்.

"முக்கால் ரூபாய்தானே அப்பத்தா, நான் தாறேன்" என்றேன்.

"நீ தந்தா காசு வரும் ஆத்தா. கணக்கு வருமா?"

விளக்கை அணைக்கவில்லை. கீரைக்காரியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக நினைவில் வரவழைத்தாள். கடைசியில் நானே பிடிபட்டேன். மத்தியானம் ஐஸ் வாங்க மாடத்தில் இருந்த சில்லறையை எடுத்திருந்தேன். திட்டவில்லை. 'பேத்திக்கு ஐஸ் 0.75' என்று எழுதி, கோடு போட்டு, பெட்டியை மூடினாள்.

சென்னைக்காரர் பாக்கி வைத்திருந்த காலத்தில் நான் கணக்கு எழுதிய விதத்தைச் சொன்னால் அப்பத்தா எழுந்து வந்து அடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தை மொத்தமாக எழுதுவேன். பாதி ஞாபகத்தில் இருக்காது, 'இதர செலவு' என்று போட்டுக்கொள்வேன். ஒரு மாதம் 'இதர' 7,000 ரூபாயைத் தாண்டியது. அந்த அளவு பெரிய 'இதர' உள்ள தொழில் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என்னுடையது இல்லை, 'இதர'வுடையது.

கல்லூரியில் பேசிவிட்டு வந்த பிறகு, இந்தக் குணங்களைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964-இல் ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து சிறு வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்துச் சில நாட்கள் பயிற்சி கொடுத்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் புதிதாகத் தொழில் தொடங்குவதிலும் இருப்பதை விரிப்பதிலும் கூடுதலாக இறங்கியிருந்தார்கள். ஊர் அதே ஊர், ஆட்கள் அதே மாதிரி ஆட்கள்.

அவர் பயன்படுத்திய ஒரு விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. ஒரு குச்சியை நட்டு, வளையத்தை எறிந்து மாட்டச் சொல்வது. எங்கே நின்று எறிவது என்பது உங்கள் இஷ்டம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். சிலர் மாட்டவே மாட்டாது என்று தெரியும் தூரத்தில் நின்று வீரம் காட்டுவார்கள். சாதிக்கிற வேகம் உள்ளவர்கள் நடுவில், முயன்றால் விழும் என்கிற தூரத்தில் நிற்பார்களாம். கோயில் திருவிழாவில் சோப்பு டப்பாவுக்கு வளையம் எறிகிற கடையில் நான் எங்கே நிற்பேன் என்று யோசித்தேன். கடைக்காரன் போட்ட கயிற்றுக்கு வெளியே, தூரத்தில். சென்னைக்கு மாதாமாதம் சரக்கைக் கடனுக்கு அனுப்பியது அப்படி நின்று எறிந்ததுதான்.

சரி, தொழிலில் அந்த நடுத்தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பத்தாவிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது: 'போனாப் போகுதுங்கிற பணம்'. யாராவது கைமாற்று கேட்டால், இது திரும்பி வராவிட்டால் நம் வீட்டில் எது நிற்கும் என்று யோசிப்பாள். ஒன்றும் நிற்காது என்றால் கொடுப்பாள். அரிசி நிற்கும் என்றால், கேட்கிறவர் சம்பந்தியே ஆனாலும் "இப்ப தோதில்லை" என்பாள். பல வருடம் கழித்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி இதையே ஆராய்ச்சியாகச் செய்திருப்பதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று சத்தமாக யோசிக்கச் சொன்னார். எவ்வளவு லாபம் வரும் என்ற கணிப்பிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும் என்பதிலிருந்து. பள்ளத்தூரில் இதற்கு முந்தானை முடிச்சு போதுமானதாக இருந்தது.

ஏ.வி.எம். கதையையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். காரைக்குடியில் பிறந்து, அப்பாவின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுத் தொடங்கியவர். முதலில் எடுத்த படங்கள் கையைக் கடித்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையை விட்டு வந்து, இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் இடத்தை வாடகைக்குப் பிடித்துக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். போர் முடிந்த பிறகுதான் கோடம்பாக்கம். அந்தக் கோடம்பாக்கத்து உருண்டையைத்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ரஸ்தாவின் கொட்டகைதான் முக்கியம். கை கடித்த பிறகும் ஆட்டத்தை விடாமல், போனால் தாங்குகிற அளவுக்குச் செலவைச் சுருக்கிக்கொண்டு நின்ற இடம் அது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

அப்புறம், வீட்டுப் பணமும் தொழில் பணமும். என்னை முழுக்கக் கவிழ்த்தது சென்னைக்காரர் இல்லை, உண்மையைச் சொன்னால் இதுதான். பலகாரம் விற்ற பணத்தில் மகனுக்கு டியூஷன் பீஸ் கட்டுவேன். மளிகைக்கு வைத்த பணத்தில் கடலை எண்ணெய் டின் வாங்குவேன். இரண்டும் ஒரே பர்ஸ். வியாபாரம் நடக்கிறதா, வீடு வியாபாரத்தைத் தாங்குகிறதா என்று எனக்கே தெரியாது.

இதற்கும் எங்கள் வீடுகளில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. வெளியூர்க்காரர்கள் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் ஒரே சமையலில் சாப்பிட்டார்களா என்று கேட்பார்கள். விசேஷங்களில் மட்டும்தான் அப்படி. கல்யாணம் ஆனதும் பிள்ளையை 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே வீடு, ஒரே வளவு. ஆனால் புது ஜோடிக்குத் தனி அடுப்பு, தனி அறை, வருடத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம். அதற்குள் அவர்கள் குடும்பம் நடத்திக்கொள்ள வேண்டும். இருபது வயதுப் பெண்ணின் கையில் ஒரு வருட பட்ஜெட்டைக் கொடுத்துவிட்டு மாமியார் பக்கத்து அடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கொடுமை என்றும் சொல்லலாம், பயிற்சி என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்ததுதான். புருஷன் மூன்று வருடம் கடலுக்கு அந்தப் பக்கம். இவள் வீட்டையும் நடத்தி, சீதனப் பணத்தைத் தன் பேரில் கடையில் போட்டு வட்டியும் பார்ப்பாள். தொழில்முனைவோர் என்ற பட்டியலில் இந்த ஆச்சிகளை யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

நான் என் தொழிலை வேறு வைத்தேன். 2016 சித்திரையில் அதற்கென்று ஒரு வங்கிக் கணக்கு. எனக்கு மாதம் 8,000 ரூபாய் சம்பளம், அதற்கு மேல் ஒரு பைசா தொடுவதில்லை. முதல் மூன்று மாதம் என் சம்பளத்தை எனக்குக் கொடுக்கவே அதில் பணம் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, மனகோலத்துக்கு நான் விலை போட்ட லட்சணம்.

மனகோலம் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாசிப்பருப்பு மாவில் பிழிந்து பொரித்து, ஒடித்து, பொட்டுக்கடலை, பொரித்த தேங்காய்ப் பல் எல்லாம் போட்டு, மேலே வெல்லப்பாகை ஊற்றிக் கிளற வேண்டும். பாகுதான் உயிர். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, கிண்ணத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் பிசுபிசுக்கும். பிந்தினால் கல். இந்த நிமிடத்தைப் பிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பாகில் இவ்வளவு துல்லியம் பார்த்தவள், விலையில் என்ன செய்தேன் தெரியுமா? பருப்பு, வெல்லம், எண்ணெய், தேங்காய் என்று கூட்டி கிலோவுக்கு 190 ரூபாய் அடக்கம் என்று வைத்து, 280-க்கு விற்றேன். 90 ரூபாய் லாபம் என்று தூங்கினேன்.

ஒருநாள் கேஸ் சிலிண்டரை எடைபோட்டு, ஒரு ஈடுக்கு எவ்வளவு எரிகிறது என்று பார்த்தேன். டப்பா, ஸ்டிக்கர், பார்சல் கூலி, வழியில் நொறுங்கித் தூளாவது, கரண்டியோடு போகிற எண்ணெய், உதவிக்கு வரும் இரண்டு அக்காமாரின் கூலி, எல்லாம் எழுதினேன். 262 வந்தது. என் கூலி அதில் இல்லை. அதையும் சேர்த்தால், இரண்டு வருடமாக ஒவ்வொரு கிலோவுக்கும் நான் கைக்காசு வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். 'உங்க சரக்குக்குன்னே ஆள் தேடி வருது' என்றால் ஏன் வராது?

மறுநாள் விலையை 360 ஆக்கினேன். மூன்று கடைகள் நின்றன. இரண்டு மாதத்தில் ஒன்று திரும்பி வந்தது.

இனி பாக்கி கேட்பது. இதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை. நம் ஊரில் பணம் கேட்பது ஒரு மரியாதைக் குறைவு. அதிலும் பெண் கேட்டால் 'கறார் பேர்வழி'. இந்தக் கூச்சத்தைத் துணிச்சலால் வெல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. துணிச்சல் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வெல்ல முடிந்தது கிழமையால். வெள்ளிக்கிழமை இங்கே யாரும் கையை விட்டுப் பணம் கொடுக்க மாட்டார்கள், செவ்வாயும் அப்படியே. திங்கள் காலையில் கேட்டால் வாரத் தொடக்கத்திலேயா என்பார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்களே என்று புதன் 11 மணியைப் பிடித்துக்கொண்டேன். பத்து வருடமாகப் புதன் 11 மணிக்கு நான் பாக்கி கேட்கிறேன். மனது சரியில்லை, மழை, விருந்தாளி, எதுவும் கணக்கில்லை. சொல்வதும் ஒரே வாக்கியம். "அண்ணே, பத்தாம் தேதி பில், 18,600 ரூபாய், எப்போ அனுப்புறீங்க?" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்த வாய் மூடுவதுதான். முதல் மாதங்களில் "இல்லைன்னா அடுத்த வாரம்கூடப் பரவாயில்லை" என்று நானே அவர்களுக்குத் தவணை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மகள் எதிரில் உட்கார்ந்து விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள்.

சட்டமும் பக்கத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, உற்பத்தி செய்து கொடுக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது, பணத்தைக் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். பில்லின் அடியில் உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு என் பெரிய வாடிக்கையாளர்களின் கணக்காளர்களே மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டு "பாக்கி எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். காசு கேட்கும் ஏஜெண்டுகளிடம் மாட்டாதீர்கள். 2015-இல் என்னிடம் பதிவு எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவைக்கூட, வருடத்துக்கு 100 ரூபாய்தான், 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டிருந்தேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நேர்மை இல்லை. பழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. ரங்கூன் கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்யும் அளவுக்கு ஒழுங்கு இருந்தவர்கள்தான் எங்கள் ஆட்கள். 1930-இல் உலகப் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. குடியானவனால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைகளின் தலையில் வந்து விழுந்தது. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பேரில் இருந்தது. அவர்கள் கேட்டது பணம், வந்தது வயல். விற்க முடியாது, தூக்கிக்கொண்டும் வர முடியாது. நிலத்தை இழந்த பர்மியக் குடும்பங்களின் கோபத்துக்கு நியாயம் இருந்தது, அதை நம் வீடுகளில் இன்றும் யாரும் சொல்வதில்லை. பிறகு 1942. பிறகு சுதந்திர பர்மாவின் நில தேசியமயம். கணக்கில் ஒரு பைசா உதைக்கவில்லை, ஆனாலும் எல்லாம் போயிற்று.

சிலர் முன்கூட்டியே மோப்பம் பிடித்தார்கள். 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கதவைத் திறந்தார். வட்டிக்கடையாக ஓடிய தொழிலை வங்கியாக மாற்றத் தோன்றியது அவருக்கு. முருகப்பா குடும்பம் பர்மாவிலிருந்து பணத்தை நகர்த்திக்கொண்டு வந்து பிற்பாடு சைக்கிள் செய்தது. மற்ற பலர் தேக்குத் தூண்களோடு நின்றுவிட்டார்கள். அந்தத் தூண்கள் இப்போது முனீஸ்வரன் கோயில் வீதிப் பழம்பொருள் கடைகளில் படுத்திருக்கின்றன. ஐயாவின் முதலாளி வீட்டுக் கதவு ஒன்றைக்கூட நான் அங்கே பார்த்தேன் என்று நினைக்கிறேன். விலை கேட்கவில்லை.

அதனால்தான் இப்போது என் சரக்கில் எந்த ஒரு கடைக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அனுப்புவதில்லை. அவர் எவ்வளவு நல்ல காப்பி கொடுத்தாலும்.

2017-இல் புதுவயல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பத்தொன்பது வயது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். மாவு சலிக்க எடுத்தேன். இரண்டு வாரத்தில், நான் ராத்திரி கணக்கு எழுதும்போது பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தாள். எனக்குப் பெட்டியடி ஞாபகம் வந்தது. ஒரு நோட்டைக் கொடுத்து, நீ ஒன்று எழுது, நான் ஒன்று எழுதுகிறேன், கடைசியில் ஒத்துப் பார்ப்போம் என்றேன். முதல் மாதம் அவளுக்கு உதைத்தது. மூன்றாவது மாதம் எனக்கு உதைத்தது, அவளுக்குச் சரியாக இருந்தது. அப்புறம் பாகு, விலை, புதன்கிழமை போன், எல்லாம். என்னைவிட நன்றாக வாயை மூடிக்கொள்வாள்.

2021-இல் ஒருநாள் "ஆச்சி, நான் தனியாப் போடலாம்னு இருக்கேன்" என்றாள். சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் இருந்த பழைய பித்தளைத் தேன்குழல் அச்சைக் கொடுத்தேன். "விலை போட்டு எழுதிக்கங்க ஆச்சி, மாசாமாசம் கழிச்சுக்கலாம்" என்றாள். எழுதிக்கொண்டேன். ஐந்து தவணையில் கழிந்தது.

இப்போது அவளிடம் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். தேன்குழலும் கைமுறுக்கும் நான் செய்வதில்லை, அவளிடம்தான் வாங்குகிறேன். போன மாதம் வீட்டில் ஒரு கல்யாணம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அலைச்சல், அவள் பில் ஒன்று நின்றுவிட்டது. இரண்டு புதன் போன் வந்தது, "இந்தா அனுப்புறேன்" என்று சொல்லி இரண்டு முறையும் மறந்தேன். மூன்றாவது புதன் 11 மணிக்கு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

"வா ஆத்தா, வா, உள்ள வா. வெயில்ல வந்திருக்கே, காப்பி போடுறேன்."

திண்ணையில் உட்கார்ந்து பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "காப்பி அப்புறம் குடிக்கிறேன் ஆச்சி. ரெண்டாம் தேதி பில், 11,400 ரூபாய்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

நான் கல்யாணக் கதையை ஆரம்பித்தேன். மண்டபத்தில் கரண்ட் போனது, சம்பந்தி வீட்டார் லேட்டாக வந்தது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. கதை தீர்ந்துபோனது. உள்ளே போய் போனை எடுத்து வந்து, கண்ணாடி போட்டு, 11,400 என்று தட்டினேன். அவள் போனில் மணி அடித்தது. தொகையைப் பார்த்தாள். நோட்டில் தேதி போட்டு, வரவு வைத்து, கோடு கிழித்து, என்னிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினாள்.

"இப்போ காப்பி குடுங்க ஆச்சி. சீனி கம்மியா."